லைட் குக்கிங்: எல்லைகளும் மீறல்களும்

சிங்கப்பூரில் அறை தேடிய பழங்காநத்தத்தார் ஒருவரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஆய்வுக் கட்டுரை எழுத உட்கார்ந்தவர் முதலில் ஆய்வின் தேவையைச் சொல்லியாக வேண்டும். தேவை இதுதான்: கருத்தரங்கு வைத்திருக்கிறார்கள், கட்டுரை கேட்கிறார்கள். பன்னாட்டுக் கருத்தரங்கு. மலேசியாவிலிருந்து ஒருவர் இணையவழியில் வாழ்த்துரை வழங்குகிறார், அதனால் பன்னாடு. பதிவுக் கட்டணம் கட்டினால் கட்டுரை ஐ.எஸ்.பி.என். எண்ணோடு நூலில் ஏறும்; கட்டாவிட்டால் அந்தக் கருத்து அறிவுலகுக்குத் தேவைப்படவில்லை என்று பொருள். பல்கலைக்கழக மானியக் குழு தன்னுடைய ‘கேர்’ இதழ்ப் பட்டியலை 2025இல் கைவிட்டுவிட்டது. எது தரமான இதழ் என்று அடித்துச் சொல்ல இப்போது ஆளில்லை. இப்படியொரு கட்டுரைக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

2. ஆய்வு எல்லை

பழங்காநத்தம் ரவுண்டானாவில் நின்றால் ஒரு பக்கம் டி.வி.எஸ். நகர், ஒரு பக்கம் மாடக்குளம், ஒரு பக்கம் ஜெய்ஹிந்துபுரம், இன்னொரு பக்கம் பசுமலை, திருப்பரங்குன்றம். இவ்வளவையும் ஆராய ஆயுள் போதாது. ஆகவே மாடக்குளம் போகிற வழியில் உள்ளே திரும்பும் தெருவொன்றில் இருக்கும் ஒரு மாடி வீடும், சிங்கப்பூர் ஈசூனில் ஓர் அடுக்குமாடியின் நடு அறையும் மட்டும் இந்த ஆய்வின் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே வங்காள விரிகுடா உள்ளது. அது ஆராயப்படவில்லை.

3. முன்னாய்வுகள்

இல்லை. இருந்திருந்தால் படித்திருப்பேன் என்று சொல்வதற்கில்லை, மேற்கோள் காட்டியிருப்பேன்.

4. தகவலாளி

முதன்மைத் தகவலாளி என் பெரியம்மா மகன். ஆய்வு நெறி கருதி அவர் பெயர் மறைக்கப்படுகிறது. இனி ‘அண்ணன்’ எனப்படுவார். பெரியம்மா இரண்டாம் தகவலாளி. அவர் பெயரைச் சொன்னால் அந்த வீட்டில் எனக்குக் காபி கிடைக்காது.

அண்ணன் சிங்கப்பூரில் கணினி வேலையில் இருக்கிறார். எம்ப்ளாய்மென்ட் பாஸ். இந்தப் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிக்க, நிதித்துறை நீங்கலான துறைகளில், 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும். வயது கூடக் கூட வரம்பும் கூடும். மனைவி மக்களைக் கூட்டிக்கொள்ள வேண்டுமானால் சம்பளம் 6,000 வெள்ளியைத் தொட வேண்டும். 5,600க்கும் 6,000க்கும் நடுவே நானூறு வெள்ளி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது. அண்ணன் குடியிருப்பது அந்தச் சந்தில்தான். அண்ணி பழங்காநத்தத்தில் இருக்கிறார். வீடு பார்க்க வேண்டிய மனிதர் அறை பார்க்க நேர்ந்ததன் பொருளாதாரப் பின்புலம் இவ்வளவே. இதை நாற்பது பக்கத்துக்கு விரித்து எழுதுவோரும் உளர்.

5. வகைப்பாடு

வாடகைக்குக் கிடைக்கும் இடங்களை ஐந்திணையாகப் பிரித்துவிடலாம். கிடைத்தால் இருத்தல், அதனால் முல்லை. கிடைக்காவிட்டால் இரங்கல், அதனால் நெய்தல். அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனரோடு மல்லுக்கு நிற்பது மருதத்து ஊடலில் அடங்கும். மேடையில் பொன்னாடை நிச்சயம். தமிழ்நாட்டில் இதுவரை ஐந்தாகப் பிரிக்கப்படாமல் மிஞ்சியிருக்கும் பொருள்கள் மிகச் சிலவே. வாடகை அறையாவது தப்பட்டும் என்று விட்டுவிடுகிறேன். களத்தில் வழங்கும் பிரிவுகள் வருமாறு.

முழு வீடு: வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை, அதாவது வீவக வீட்டை, முழுசாக வாடகைக்கு எடுக்க வெளிநாட்டவருக்கு வட்டாரத்தில் 8 விழுக்காடு, பிளாக்கில் 11 விழுக்காடு என்று ஓர் உச்சவரம்பு உண்டு. மலேசியர்களுக்கு இது பொருந்தாது. அண்ணனுக்கும் பொருந்தாது, அவரிடம் அவ்வளவு பணம் இல்லை.

மாஸ்டர் ரூம்: கழிப்பறை உள்ளே.

காமன் ரூம்: கழிப்பறை வெளியே, ஆளும் வெளியே.

காண்டோ: நீச்சல் குளம் உண்டு. அண்ணனுக்கு நீந்தத் தெரியாது.

காப்பறை: குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள 1990களின் கடைசியிலிருந்து புதிய வீவக வீடுகளுக்குள்ளேயே தடித்த சுவரும் இரும்புக் கதவுமாகக் கட்டிவைத்திருக்கும் சின்ன அறை. இதைப் படுக்கையறையென்று வாடகைக்கு விடக் கழகம் அனுமதிப்பதில்லை. அப்படி விடுகிறவர்களைப் பற்றி அண்ணன் சொன்னது பதிவில் உள்ளது, வெளியிட முடியாது.

துபாய்: அங்கே அறைக்குள் பலகை அடித்து அறை, அந்த அறைக்குள் கட்டில், அந்தக் கட்டில் மேல் இன்னொரு கட்டில், அதற்குப் பெட் ஸ்பேஸ் என்று மாத வாடகை. வீடாக எடுத்தால் பின்தேதியிட்ட காசோலைகள், ‘இஜாரி’ என்னும் வாடகைப் பதிவு. இது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள். யாராவது செய்யட்டும்.

அறைகளை எண்ணுவதில் கழகத்துக்கென்று ஒரு மரபு உண்டு. மூன்றறை வீடு என்றால் படுக்கையறை இரண்டு. கூடமும் கணக்கில் சேரும். உறவுமுறை இல்லாதவர்கள் ஒரு வீட்டில் ஆறு பேர் வரை வாடகைக்கு இருக்கலாம் என்றிருந்ததை, 2024 ஜனவரியில் நாலறை வீடும் அதற்கு மேலும் என்றால் எட்டுப் பேர் என்று தற்காலிகமாக உயர்த்தினார்கள். காரணம் வாடகை. 2022 என்ற ஒரே ஆண்டில் தனியார் வீட்டு வாடகை 29.7 விழுக்காடு ஏறியதாக நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்கு. எக்கனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் 2014இல் உலகத்திலேயே விலைவாசி கூடிய நகரம் என்று சிங்கப்பூரை முதலிடத்தில் வைத்தது. 2023இல் ஜூரிச்சோடு அந்த இடத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது. அண்ணன் இந்தப் பட்டியல்களைப் படித்ததில்லை. அவர் ஆயிரம் வெள்ளியை ரூபாயில் பெருக்கிப் பார்த்தார். போதும்.

6. மூலமும் உரையும்

இனி ஆய்வுப் பொருளுக்கு வருவோம். அண்ணனுக்குக் கிடைத்த விளம்பரம், நிறுத்தற்குறிகள் நீக்கி, கீழே தரப்படுகிறது:

காமன் ரூம் ஏர்கான் வைஃபை எம்ஆர்டி ஐந்து நிமிடம் நோ ஓனர் ஸ்டேயிங் நோ விசிட்டர் லைட் குக்கிங்

இதற்கு நேர்பொருள் எழுதிவிடலாம். அது தமிழாசிரியருக்கு அழகல்ல. மதுரை மண்ணில் பிறந்த நச்சினார்க்கினியர் காட்டிய வழி இருக்கிறது. பாட்டின் தலையில் கிடக்கும் சொல்லைப் பிடித்து இழுத்து வந்து வாலில் ஒட்டிப் பொருள் கொள்வதற்கு ‘மாட்டு’ என்று பெயர். பத்துப்பாட்டில் அவர் மாட்டாத இடம் குறைவு. அவர் வழிப்படி ‘நோ விசிட்டர்’ என்பதிலுள்ள ‘நோ’வைப் பெயர்த்து ‘லைட் குக்கிங்’கோடு மாட்டினால் ‘நோ லைட் குக்கிங்’ என்றாகும். லேசான சமையல் கூடாது. ஆகவே பிரியாணி போடலாம் என்பது பெறப்படும். விசிட்டரும் தாராளமாக வரலாம். பிரியாணிக்கு ஆள் வேண்டுமே.

வேறொரு சாரார் ‘ஐந்து நிமிடம்’ என்பதைக் கொண்டுவந்து குக்கிங்கோடு மாட்டுவர். ஐந்து நிமிடத்துக்குள் முடியும் சமையல் மட்டும் என்பது அவர் துணிபு. இதன்படி மேகி தேறும், ரசம் தேறாது. அப்படியானால் ரயில் நிலையமான ‘எம்ஆர்டி’க்குக் காலம் இல்லாமல் போகுமே எனின், ஆம், அண்ணனுக்கு நடக்க எடுத்த நேரத்தைப் பார்த்தால் அந்த உரையே சிறந்தது என்க. விளம்பரத்தில் உள்ள ஐந்து நிமிடம் ஓடுவாரை நோக்கிச் சொல்லப்பட்டது. (அண்ணன், குரல் பதிவு, மூச்சிரைப்பு உள்ளது.)

7. லைட் குக்கிங்

எந்த இடத்தில் சமையல் தொடங்குகிறது, எந்த இடத்தில் அது லேசாக இருப்பதை நிறுத்திக்கொள்கிறது என்பதே இந்த ஆய்வின் மையச் சிக்கல். சிங்கப்பூர்ச் சட்டத்தில் இதற்கு விளக்கம் கிடையாது. வாடகை ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிற நாடு, கடுகு வெடிக்கலாமா கூடாதா என்பதைச் சொல்லாமல் விட்டது வியப்பே. ஆகவே குடியிருப்போர் தாங்களே கொள்கை வகுத்துக்கொள்ள நேர்ந்தது. மூன்று கொள்கைகள் உள.

எண்ணெய்க் கொள்கையினர் கூறுவது: எண்ணெய் காயாத வரை எல்லாம் லைட். இட்லி அவிப்பது, சோறு வடிப்பது, முட்டை வேகவைப்பது இதில் அடங்கும். ஆம்லெட் அடங்காது. ஆனால் வெண்ணெயில் போட்டால்? இவர்கள் இங்கே மௌனம் சாதிக்கின்றனர்.

கடுகுக் கொள்கையினர் கூறுவது: எண்ணெய் காயட்டும், தப்பில்லை; கடுகு வெடித்த நொடியில் லைட் முடிகிறது. ஏனெனில் கடுகு வெடிப்பது ஒரு நிகழ்ச்சி, காதால் கேட்கத் தக்கது, சாட்சி உள்ளது. இந்தக் கொள்கையின் பலவீனம், மூடி போட்டு வெடிக்க வைத்தால் சாட்சி இல்லாமல் போவது. (அண்ணன், ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’, அழியும் முன் படித்த அண்ணியின் வாய்மொழி, சமையலறை, நின்றபடி.)

நெடிக் கொள்கையினரே இக்காலத்தில் பெரும்பான்மையினர். அவர்கள் கூற்றுப்படி அடுப்பில் என்ன நடக்கிறது என்பது பொருட்டல்ல. பக்கத்து அறைக்காரர் தும்மினால் அது ஹெவி, தும்மாவிட்டால் லைட். காட்சி, கருதல், உரை என்று நம் முன்னோர் அளவை மூன்று என்றனர். இவர்கள் தும்மலை நான்காம் அளவையாகச் சேர்க்கின்றனர். இது காட்சியிலும் அடங்காது, ஏனெனில் சுவர் இருக்கிறது. கருதலிலும் அடங்காது, ஏனெனில் சளியாகவும் இருக்கலாம்.

இக்கொள்கைகளைக் களத்தில் சோதித்துப் பார்க்க அண்ணனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஓனர் குடியிருக்காத வீடு. அடுத்த அறையில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் படுத்திருந்தார். அண்ணன் சமையலறை ஜன்னலை முழுக்கத் திறந்தார். காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டார். கூடத்துக்கு வரும் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்தார். பருப்பு ஏற்கெனவே குக்கரில், விசில் மேல் கரண்டியை வைத்து அழுத்தி, ஓசைப்படாமல் வெந்திருந்தது. சின்ன வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றினார். கடுகைப் போட்டு மூடினார். வெடித்து அடங்கியது. மூடியைத் திறந்து கறிவேப்பிலை, பெருங்காயம், கடைசியாக மிளகாய் வற்றல் இரண்டைக் கிள்ளிப் போட்டார். அதில் ஒன்று கருகிவிட்டது. ஆய்வுலகில் இதைக் கட்டுப்படுத்த இயலாத மாறி என்பர். பிலிப்பைன்ஸ்காரர் தும்மினார். பிறகு எழுந்து வந்தார். வந்தவர், மிச்சம் இருந்தால் தனக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். தும்மல் அளவை இவ்வாறு நிலைகுலைந்தது. ஆனால் எதிர்வாசல் வீட்டிலிருந்து ஓனருக்குச் செய்தி போய், ஓனரிடமிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு ‘யார் சமைக்கிறது?’ என்று ஒரு வரி வந்தது. எதிர்வாசல் வீட்டார் தும்மினார்களா என்பது தெரியவில்லை.

இவ்விடத்தில் வரலாற்றுச் சான்று ஒன்றைக் காட்டுவது கடன். 2011 ஆகஸ்டில் சிங்கப்பூர்ச் செய்தித்தாள் ஒன்றில் பழைய வழக்கொன்று வெளிவந்தது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று, பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று முறையிட்டிருந்தது. இந்தியக் குடும்பம் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டே சமைத்து வந்தது, அப்படியும் தீரவில்லை. சமூக மத்தியஸ்த நிலையத்தில் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் இவர்கள் கறி சமைப்பது, அவர்கள் அந்தக் கறியை ஒருமுறை ருசித்துப் பார்ப்பது. செய்தி வந்ததும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று வேறுபாடில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வேண்டுமென்றே கறி சமைத்தார்கள். பேஸ்புக்கில் அதற்குச் சேர்ந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். கறிக் கொள்கை வரலாற்றில் இதற்கிணையான மாநாடு நடந்ததில்லை; கலந்துகொண்டவர்களுக்குச் சான்றிதழும் தரவில்லை.

வாசனை வழக்கு மதுரைக்குப் புதிதல்ல என்பதையும் ஈண்டு நினைக. பெண்கள் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லை பூவும் புழுகும் தந்ததா என்று பாண்டியன் சபையில் எழுந்த வழக்கில் இறைவனே நேரில் வந்து வாதாடினார். நக்கீரர் இடம் கொடுக்கவில்லை. நெற்றிக்கண் திறந்தது, பொற்றாமரைக் குளத்தில் முடிந்தது. தும்மலை அளவையாகக் கொள்ளாமல் சொல்லை அளவையாகக் கொண்டதால் வந்த வினை அது. நக்கீரர் காலத்தில் மத்தியஸ்த நிலையம் இருந்திருந்தால், பாண்டிமாதேவி ஊரில் இல்லாதபோது மட்டும் அந்தக் கூந்தல் மணக்கலாம் என்று முடித்திருப்பார்கள்.

லைட் குக்கிங்குக்கு மிகப் பழைய சான்றும் மதுரையிலேயே கிடைக்கிறது. புகாரிலிருந்து பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த கோவலன், கண்ணகியோடு தங்கியது ஊர் நடுவில் அல்ல. மதிலுக்கு வெளியே, ஆயர் சேரியில், மாதரி வீட்டில். பரிந்துரைத்தவர் கவுந்தியடிகள். கமிஷன் வாங்காத தரகர் தமிழிலக்கியத்தில் அவர் ஒருவரே. கோவலன் சமண இல்லறத்தானாகிய சாவக நோன்பி என்பதால் மாதரி கொண்டுவந்து கொடுத்தவை வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால்படு பொருள். கவிச்சி கிடையாது. தாளித்ததாக இளங்கோவடிகள் சொல்லவில்லை. ஆனால் சமைக்கும்போது கண்ணகியின் கண் சிவந்ததாக வருகிறது. நெடிக் கொள்கையினர் இதை மிளகாய் வற்றலுக்குச் சான்றாகப் பிடித்துக்கொள்வர். மிளகாய் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது, ஆகவே அது விறகுப் புகையே என்று மறுப்பாரும் உளர். மறுப்பவர்களுக்கு மதுரையில் கூட்டம் சேராது.

இனி, தகவலாளியே வகுத்த தர வரிசை. வெந்நீர், பால், மேகி, இட்லி, தயிர்ச்சோறு, ஆம்லெட், ரசம், வெங்காயச் சாம்பார், வெறும் வத்தக்குழம்பு, மீன்குழம்பு, கருவாடு என ஏறிச் செல்வது. ஆம்லெட்டுக்கும் ரசத்துக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவை லைட். கருவாட்டுக்குக் கீழே இன்னொரு கோடு. அதற்குப் பொருள் ‘நாடு கடத்தல்’. (ஏட்டுச் சுவடி அன்று, மதுரைத் துணிக்கடை ஒன்றின் மஞ்சள் பையின் பின்புறம், பால்பாயின்ட் பேனா. ஏழாம் வரியில் எண்ணெய்க் கறை. கறைக்கடியில் உள்ள சொல் ‘ரசம்’ என்பது ஒரு பாடம். ‘சரசம்’ என்பது இன்னொரு பாடம். பின்னதைக் கொண்டால் ‘நோ விசிட்டர்’ என்ற விதியோடு முரணும். ஆகவே ‘ரசம்’ என்பதே ஆசிரியர் கருத்து. கறை நல்லெண்ணெய் என்பார் அண்ணி. ரீஃபைண்ட் என்பார் பெரியம்மா. மருமகள் பாடமே பழமையானது எனினும், பெரியம்மா உயிரோடு இருக்கும்வரை இப்பதிப்பில் அவர் பாடமே மேலே அச்சிடப்படும்.)

8. ஆளைப் பார்த்தல்

சமையல் சிக்கல் அறை கிடைத்த பிறகு வருவது. அதற்கு முந்திய சிக்கல் ஒன்று உண்டு. சிங்கப்பூர் வாடகை விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டாம், சீன நாட்டவர் வேண்டாம்’ என்று வெளிப்படையாகவே எழுதியிருந்ததைப் பற்றி 2014இல் பிபிசி எழுதியது. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களும் வாடகைக்குத் தேடினால் இதில் மாட்டிக்கொண்டார்கள். முகவர்களுக்கோ நெறிமுறை உண்டு. பின்னாளில் அந்த வரி விளம்பரத்திலிருந்து இறங்கித் தொலைபேசிக்குள் போனது. அண்ணன் அழைத்த இடத்திலெல்லாம் வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம் ஒன்றே: ‘யூ ஃப்ரம் வேர்?’ சொன்னதும் ஒரு சின்ன இடைவெளி. அப்புறம், ‘சாரி, ரூம் ஆல்ரெடி டேக்கன்.’ மறுநாளும் அந்த விளம்பரம் அங்கேயே இருந்தது. அண்ணன் ஓர் இரவு முழுக்கக் குமுறினார். மனுசன மனுசனா பாக்கத் தெரியாத ஊரு என்றார். (அண்ணன், குரல் பதிவு, இரவு, குரல் தழுதழுப்பு ஐயமற உள்ளது.)

9. ஒப்பீடு

பெரியம்மா வீட்டு மாடி, அண்ணன் அனுப்பிய வெள்ளியில் எழுந்தது. படி வெளியே தனியாக. குழாய் தனியாக, மீட்டர் தனியாக. வாசல் கம்பியில் ஒரு பலகை: ‘மாடி வாடகைக்கு / ஒத்திக்கு’. தமிழ்நாட்டில் வாடகைக்கு 2017இல் ஒரு புதுச் சட்டம் செய்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று மாத வாடகையை அட்வான்ஸுக்கு அளவாகச் சொல்கிறது. பெரியம்மாவிடம் அதைச் சொன்னேன். ‘யாருய்யா சொன்னது?’ என்றார். அரசாங்கம் என்றேன். ‘அரசாங்கத்தயே மாடில குடிவச்சுக்க’ என்றார். ஒப்பந்தம் பதினொரு மாதம். ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெரியம்மாவுக்கு 1908 தெரியாது, பதினொன்று தெரியும்.

பெரியம்மாவின் நேர்காணல் அட்டவணையை ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் பாடமாக வைக்கலாம். நான் திண்ணையில் இருக்கும்போது ஒருவர் வந்தார். வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, படியேறாமல் நின்றார்.

‘எத்தன பேரு தம்பி?’

‘நானு, வீட்டுக்காரி, ஒரு பாப்பா ஆன்ட்டி.’

‘சொந்த ஊரு?’

‘திருமங்கலம் பக்கம்.’

‘பக்கம்னா?’

ஊர் பெயரைச் சொன்னார்.

‘ஊருக்குள்ளயா, ஊருக்கு வெளியவா?’

இதை நிலவியல் வினா என்று கொள்வர் சிலர். பொருந்தாது. வந்தவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பெரியம்மா, ‘குலதெய்வம் எது தம்பி?’ இதைச் சமய வினா என்று கொள்வதும் பொருந்தாது. அவர் சொன்னார். பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ‘நேத்துத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு. பலகையக் கழட்ட மறந்துட்டேன்’ என்றார். வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பலகை இன்னும் தொங்குகிறது.

அட்டவணையின் மற்ற வினாக்கள்: கவிச்சி உண்டா? (பெரியம்மா வீட்டில் ஞாயிறு தவறாமல் மட்டன். கேட்டால், ‘நாம திங்கிறது வேற.’) விருந்தாளி எத்தனை நாள்? ராத்திரி பத்துக்கு மேல கேட்டுத் திறப்பீகளா? சுவத்துல ஆணி அடிப்பீகளா? பேச்சலருக்கு இல்லை. ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்திருக்கும் வடக்கத்திப் பையன்களுக்கு நிச்சயமாக இல்லை. அவர்கள் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராக, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து, வேறெங்கோ அடைந்து கிடக்கிறார்கள். அவர்களும் சம்பளத்தை ஊருக்கு அனுப்பி அங்கே மாடி எழுப்புகிறார்களா என்பதை யாரும் ஆராயவில்லை. அவர்களுடைய கடுகெண்ணெய் எண்ணெய்க் கொள்கையில் அடங்குமா, கடுகுக் கொள்கையில் அடங்குமா என்பதும் சிக்கல்தான்.

இரு நகரங்களின் அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ‘நோ விசிட்டர்’ இருபுறமும் உண்டு. ஏர்கானுக்கு நேரம் அங்கே. மோட்டாருக்கு நேரம் இங்கே. ‘யூ ஃப்ரம் வேர்’ இருபுறமும் உண்டு; மதுரைப் பாடம் விரிவானது, துணைவினாக்கள் உடையது. ‘ஆல்ரெடி டேக்கன்’ சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது. சமூகம் பற்றிப் பேசும் அறிஞர்கள் இப்படிப்பட்ட ஒப்புமைகளைக் கண்டால் உடனே லண்டனையும் நியூயார்க்கையும் மேற்கோளுக்கு அழைப்பார்கள். அவர்களில் சிலர் சொந்த வீட்டு மாடியைக் குடிவிட்டிருக்கும் முறையை ஆராய அனுமதி கேட்டேன். கிடைக்கவில்லை.

மாடி விஷயமாகப் பெரியம்மா அண்ணனிடம் யோசனை கேட்டார். நாலு வடக்கத்திப் பையன்கள், பக்கத்து ஹோட்டலில் வேலை, சொன்ன வாடகைக்கு மேலேயே தருவதாகச் சொல்கிறார்கள், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறார். அண்ணன் பதில் அனுப்பினார்: ‘யம்மா, அவய்ங்களுக்கு மட்டும் விட்றாத. அவய்ங்க சமையலு நாத்தம் சுவத்த விட்டே போகாது.’ (அண்ணன், குரல் பதிவு, பெரியம்மாவுக்கு அனுப்பி, பெரியம்மா எனக்கு அனுப்பியது.)

இதே அண்ணன் மனிதனை மனிதனாகப் பார்ப்பது பற்றிக் குமுறிய முந்திய பதிவும் என்னிடம் இருக்கிறது. தேதியை ஒத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இரவு. முதல் பதிவு எனக்கு, இரண்டாவது பெரியம்மாவுக்கு. நடுவே முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் அவர் எழுந்து போய் ஏதோ சமைத்துச் சாப்பிட்டதாக இரண்டாம் பதிவின் தொடக்கத்தில் கேட்கும் ஏப்பத்தால் அறியலாம். என்ன சமைத்தார், அது எந்தக் கோட்டுக்கு மேலே என்பவை மேலாய்வுக்கு உரியவை.